மைக் இல்லாத சுதந்திர தினம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தெருவில் பதினோரு வீடுகள். ஒவ்வொரு ஆகஸ்ட் 15 அன்றும் தெருமுக்கில் ஒலிபெருக்கி கட்டி விழா நடக்கும். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். இந்த வருடம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் எங்களுக்குள்ளேயே கொடியேற்றிவிட்டு, அன்றைய பொழுதைக் குடும்பத்தோடும் அக்கம்பக்கத்தாரோடும் கழிக்கலாம் என்று பேச்சு. முப்பது பேர் வரை வரலாம். யாருக்கும் முன் அனுபவம் கிடையாது. வீட்டில் கொடியேற்ற அனுமதி வாங்க வேண்டுமா? என்னென்ன பார்க்க வேண்டும்? வார்டு உறுப்பினரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதில் மட்டும் தெரு இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

கே., காட்பாடி

அன்புள்ள கே.,

அனுமதி எதுவும் வேண்டாம். 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் கொடி விதிகளின்படி யாரும் தம் வீட்டில் வருடத்தின் எந்த நாளிலும் தேசியக்கொடி ஏற்றலாம். அது குடிமக்களின் உரிமை என்று 2004-ல் நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கொடிக்கு அவமரியாதை நேரக்கூடாது, அவ்வளவுதான்.

வார்டு உறுப்பினர் உங்கள் தெருக்காரர் என்றால் மற்ற வீடுகளுக்குச் சொல்வதுபோல அவருக்கும் சொல்லுங்கள். சிறப்பு விருந்தினராக மட்டும் கூப்பிடாதீர்கள். சால்வை வந்தால் பின்னாலேயே மைக் வரும்.

கொடி வாங்கும்போது அளவைப் பாருங்கள். நீளமும் அகலமும் 3-க்கு 2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். மாடிக்கு 900-க்கு 600 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடிக்கு இரண்டடி, தாராளம். கதர்தான் வேண்டும் என்ற கட்டாயம் 2021 டிசம்பர் திருத்தத்தோடு போய்விட்டது, பாலியஸ்டரும் செல்லும். ஆனால் மலிவான துணியில் சக்கரம் நீள்வட்டமாக இழுபட்டிருக்கும், ஒரு மழை பட்டால் சாயம் வெள்ளைக்குள் இறங்கிவிடும். ஆரங்கள் 24 இருக்கின்றனவா என்று கடையிலேயே எண்ணிவிடுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்தக் கொடிக்குப் பத்து, பன்னிரண்டடிக் கம்பம் போதும். இரும்புக் குழாய் என்றால் முதலில் மேலே அண்ணாந்து மின்கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். கம்பம் நட்ட பிறகு உரசுமா என்பது மட்டும் கணக்கில்லை. நிமிர்த்தும்போது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். கம்பம் நிமிர்த்தும்போது மின்சாரம் பாய்ந்து உயிர் போன செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. அந்தத் தூரம் இல்லாவிட்டால் வேறு மாடியைப் பாருங்கள். கைப்பிடிச் சுவரோடு கம்பத்தை ஒரே இடத்தில் கட்டினால் காற்றுக்குச் சுழலும். மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் கட்ட வேண்டும்.

கயிறு, கம்பத்து உயரத்தைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேல் ஐந்தடியும். பன்னிரண்டடிக் கம்பத்துக்கு முப்பதடி வாங்கினால் சரியாக இருக்கும். புது நைலான் கயிறு முறுக்கிக்கொண்டு கப்பியில் சிக்கும். முதல் நாளே நீட்டிக் கட்டி முறுக்கை எடுத்துவிடுங்கள்.

சொதப்பும் இடம் பெரும்பாலும் முடிச்சுதான். கொடியைச் சுத்தமான கட்டிலில் விரித்து, காவிப் பட்டை எந்த முனை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கயிறு கோர்க்கும் வெள்ளைப் பட்டையின் காவி முனையில்தான் பெரும்பாலும் மரக்கட்டை இருக்கும், அது மேலே. அகலவாட்டில் இரண்டு தடவை மடித்து, பறக்கும் முனையிலிருந்து புடவைக் கொசுவம்போலக் கம்பத்துப் பக்கம் மடித்து வாருங்கள். பாய்போலச் சுருட்டினால் காற்றில்லாத காலையில் பாதிதான் விரியும். உள்ளே ஒரு கைப்பிடி உதிரிப்பூ வைக்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. பூ ஈரமாக இருந்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும், கறையும் படும். சாமந்தி இதழ் காய்ந்ததாகக் கிடைத்தால் நல்லது.

பிறகு கொடியின் கீழ்முனையிலிருந்து வரும் கயிற்றைப் பொட்டலத்தின் மேல் ஒரே ஒரு சுற்று சுற்றி, சுண்டினால் அவிழும் உருவாஞ்சுருக்காகப் போடுங்கள். நடுவழியில் அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு சுற்று சுற்றுவார்கள்; இழுக்க இழுக்க இறுகும், அவிழாது. ஏற்றும்போது இந்தக் கயிற்றைத் தளர்வாக விட்டு மற்றதை மட்டும் இழுக்க வேண்டும். உச்சிக்குப் போனதும் இதை ஒரு சுண்டு சுண்டினால் போதும். அவிழாவிட்டால் மல்லுக்கட்டாமல் இறக்கி, மறுபடி கட்டி ஏற்றுங்கள். முதல் நாள் சாயங்காலம் அதே அளவுத் துண்டு ஒன்றை வைத்து, கொடியேற்றப் போகிறவர் கையாலேயே இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டால் காலையில் கை நடுங்காது.

நேரம் காலை ஏழு என்று வையுங்கள். பிள்ளைகளுக்கு அதன் பிறகு பள்ளியில் கொடியேற்றம் இருக்கும். செங்கோட்டை உரையைக் கேட்க விரும்புகிறவர்கள் ஏழரைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். தமிழ்த்தாய் வாழ்த்து, கொடி, உடனே தேசிய கீதம். நிற்க முடியாத பெரியவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். கீதம் 52 நொடி. மைக் இல்லாமல் பாடும்போது எல்லோரும் உற்சாகத்தில் உச்சக் குரலில் தொடங்கி, மேல் ஸட்ஜத்துக்குப் போகும் ‘ஜய ஹே’யில் குரல் கிழிந்து நிற்பார்கள். சுருதி தெரிந்த ஒருவர் தாழ்ந்த குரலில் முதல் சொல்லை எடுத்துக் கொடுக்கட்டும். செல்போனில் பாட்டைப் போட்டுவிட்டு உதட்டை அசைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

சாப்பிட ஏதாவது வேண்டுமே. முப்பது பேருக்குக் கேசரி என்றால் அரைக் கிலோ ரவை, 800 கிராம் சர்க்கரை, இரண்டு லிட்டர் தண்ணீர், 250 கிராம் நெய். ரவையை நெய்யில் வறுத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் தூவிக் கிளற வேண்டும். கொதி வருமுன் போட்டால் கட்டி தட்டும். ரவை முழுதாக வெந்த பிறகே சர்க்கரை. முந்திச் சேர்த்தால் ரவை அதற்கு மேல் வேகாது, பல்லில் நறநறக்கும். மூவண்ணக் கேசரி ஆசை யாருக்காவது வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கொடியைக் கோலமாகப் போட்டு மிதித்துக்கொண்டு நடப்பதும் வேண்டாம். காசு வசூல் செய்யாதீர்கள். ஒரு வீடு கேசரி, ஒரு வீடு சுண்டல், ஒரு வீடு டீ என்று பிரித்துக்கொண்டால் கணக்கு எழுதுகிற வேலையும் அதையொட்டிய மனஸ்தாபமும் மிச்சம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. ஏழு மணிக்கு ஏற்றி ஏழரைக்குக் கலைந்தால் அது உங்கள் தெருமுக்கு விழாவின் சின்னப் பதிப்புதான். நீங்கள் கேட்ட ‘பொழுது’ மாலையில்தான் இருக்கிறது. 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு வீட்டில் ஏற்றிய கொடி இரவும் பறக்கலாம் என்பதால், பல மாடிகளில் இறக்குவதையே மறந்துவிடுகிறார்கள். செப்டம்பரில் நாராகத் தொங்குகிறது. கிழிந்த கொடியைப் பறக்கவிடுவது விதிமீறல். ஆகவே கொடியிறக்கத்தையே சந்திப்பாக வையுங்கள். மாலை ஆறுக்கு எல்லோரும் மாடிக்கு வரட்டும். வெயில் இறங்கியிருக்கும், யாருக்கும் அவசரம் இருக்காது, பாய் விரித்து எட்டு மணி வரை பேசலாம். காலையில் வர முடியாத, வேலைக்குப் போகிறவர்களும் கடைக்காரர்களும் இதற்கு வருவார்கள்.

ஏற்றுவது விறுவிறுப்பாக, இறக்குவது மெதுவாக என்பது விதி. இரண்டு பேர் கைகளை நீட்டி, தரையில் படாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஈரமாக இருந்தால் வீட்டுக்குள் உலர்த்துங்கள். காய்ந்ததும் காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பிறகு இரு ஓரங்களையும் பின்னுக்கு மடித்தால் சக்கரம் மேலே தெரியும். அப்படியே பெட்டியில் வைக்கலாம். பிள்ளைகளின் கையிலுள்ள காகிதக் கொடிகளை அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். அவற்றையும் கிழிந்துபோன துணிக்கொடியையும் குப்பையில் போடக்கூடாது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் முழுதாக எரித்துவிடலாம்.

கொடி, கயிறு இரண்டையும் ஒரே வீட்டில் வையுங்கள், ஜனவரி 26-க்குத் தேட வேண்டியிருக்காது. அன்றைக்கு முறை சற்று வேறு: பொட்டலம் முன்பே உச்சியில் கட்டியிருக்கும், சுண்டி விரிப்பது மட்டும்தான். இரவே கட்டி வைத்துவிடாதீர்கள். தைப் பனியில் முடிச்சு நனைந்து இறுகிவிடும். விடிந்த பிறகு கட்டுங்கள்.