பூக்கட்டும் வீட்டுப் பெண்ணுக்கு மோல் கணக்கு வராதா?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. அப்போது வேதியியலில் 100க்கு 86 வாங்கினேன். இங்கே முதல் இன்டர்னல் தேர்வில் 25க்கு 7. இரவு பதினொரு மணி வரை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. வினாத்தாளைக் கையில் வாங்கினால் எதுவும் பார்த்த மாதிரியே இல்லை. மோல் கணக்கு என்றாலே பயம். வகுப்பு முழுக்க ஆங்கிலம். சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அம்மா பூக்கட்டி விற்றுத்தான் ஃபீஸ் கட்டினார். தமிழ் இலக்கியத்துக்கு மாறிவிடு, சுலபம் என்கிறாள் தோழி. மாறிவிடலாமா?
– பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்:

அம்மா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் திட்டும் உரிமை எனக்கு உண்டு. ஒரே ஓர் இன்டர்னல் தேர்வை வைத்துக்கொண்டு பாடத்தை மாற்றுவதாவது! தமிழ் இலக்கியம் சுலபம் என்று உன் தோழிக்கு யார் சொன்னார்கள்? வெண்பாவைச் சீர் பிரித்துத் தளை பார்க்கச் சொன்னால், மோல் கணக்கே தேவலாம் என்று அவள் உன் வகுப்புக்கு ஓடி வருவாள். தமிழ்மேல் ஆசை இருந்தால் போகலாம், தாராளமாக. வேதியியலுக்குப் பயந்து தமிழுக்குப் போகாதே.

முப்பது வருடம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் நான். உன் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது நீ புலம்பிய விஷயங்கள் இல்லை. போகிற போக்கில் சொன்னாயே, அம்மா பூக்கட்டி விற்கிறார் என்று, அதுதான்.

உன் அம்மா சந்தையில் மல்லிகையை எப்படி வாங்குகிறார்? எடை போட்டு. அரைக் கிலோ, ஒரு கிலோ. வீட்டுக்கு வந்து எப்படிக் கட்டுகிறார்? எண்ணிக்கையில். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நாரில் ஒரு முடிச்சு. எப்படி விற்கிறார்? முழம் போட்டு. எடையில் வாங்கி, எண்ணிக்கையில் கட்டி, முழத்தில் விற்கிற கணக்கு அவர் விரலில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு பூ வாங்கினால் இத்தனை முழம் தேறும் என்று காகிதம் இல்லாமல் சொல்வார், இல்லையா?

மோல் கணக்கும் அதேதான். ஆய்வகத்தில் பொருளை கிராமில் நிறுக்கிறோம். அவை வினைபுரிவதோ எண்ணிக்கையில்; இத்தனை மூலக்கூறுக்கு இத்தனை மூலக்கூறு. பிறகு பியூரெட்டில் மில்லிலிட்டராக அளக்கிறோம். எடை, எண்ணிக்கை, அளவு. நடுவில் நிற்கிற எண்ணிக்கைதான் மோல். மல்லிகை மொட்டை ஒவ்வொன்றாக எண்ணி விற்பது எப்படி நடக்காதோ, அப்படித்தான் அணுக்களை எண்ணுவதும். அதனால் 6.022 × 10²³ என்ற ஒரு பெரிய எண்ணை ஒரு கட்டாக வைத்துக்கொண்டோம். 2019 மே மாதத்திலிருந்து உலகம் முழுவதற்கும் மோலின் வரையறையே இந்த எண்தான். அதற்கு முன்பு 12 கிராம் கார்பன்-12 என்று எடையைச் சொல்லி வரையறுத்திருந்தார்கள். 18 கிராம் தண்ணீர் ஒரு மோல். ஒரு வாய் குடிக்கக்கூடக் காணாத தண்ணீரில் அத்தனை மூலக்கூறுகள்.

இனி ஒரு கணக்கு. காகிதம் எடுத்துக்கொண்டு வா, வெறுமனே வாசிக்காதே. 10 கிராம் ஹைட்ரஜன், 64 கிராம் ஆக்சிஜன். இரண்டும் சேர்ந்து தண்ணீராகின்றன. எது முதலில் தீரும்? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் ஹைட்ரஜன் என்பார்கள், 10 கிராம்தானே இருக்கிறது என்று. எடையைப் பார்த்து ஏமாந்து போகிற இடம் இது. ஒரு கிலோ மல்லிகை மொட்டும் ஒரு கிலோ சம்பங்கியும் எண்ணிக்கையில் ஒன்றாகுமா? உன் அம்மாவை யாராவது அப்படி ஏமாற்ற முடியுமா? ஒரு மோல் ஹைட்ரஜன் 2 கிராம். ஆக, கையில் இருப்பது 5 மோல். ஒரு மோல் ஆக்சிஜன் 32 கிராம். இருப்பது 2 மோல். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன் என்பது சமன்பாடு. 2 மோல் ஆக்சிஜன் 4 மோல் ஹைட்ரஜனோடு தீர்ந்துவிடும். தண்ணீர் 4 மோல், அதாவது 72 கிராம். மிச்சம் ஒரு மோல் ஹைட்ரஜன், 2 கிராம். 72ம் 2ம் 74. முதலில் வைத்திருந்ததும் 74. கடைசியில் இப்படிக் கூட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் பாதித் தவறுகள் தேர்வுத்தாளிலேயே பிடிபட்டுவிடும்.

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுது. கிராம், மோல், லிட்டர். சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் 250 மில்லிலிட்டரை 0.25 லிட்டராக மாற்ற மறந்து ஆயிரம் மடங்கு தவறான விடையோடு வருகிறார்கள். அதைத் திருத்திய எனக்குத் தெரியும் அந்த வயிற்றெரிச்சல்.

‘படிக்கும்போது புரிகிறது’ என்கிறாய். இதுதான் உன்னை ஏமாற்றுகிறது. புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாருக்கும் புரியும். பார்த்த முகம் என்று தெரிவதற்கும் அந்த முகத்தை வரைந்து காட்டுவதற்கும் எத்தனை தூரம்! பள்ளியில் பாடத்தின் பின்னால் இருந்த கேள்விகளை மனப்பாடம் செய்தாய், பொதுத் தேர்வில் அவையே பெரும்பாலும் வந்தன, 86 வந்தது. அது பொய் மதிப்பெண் என்று சொல்லமாட்டேன், உழைத்துத்தான் வாங்கினாய். கல்லூரியில் கேள்வி உருமாறி வருகிறது. பொருளின் பெயர் மாறும், எண் மாறும், தெரிந்ததும் தெரியாததும் இடம் மாறும்.

அதனால் இன்றிலிருந்து ஒன்று செய். அன்று நடந்த பாடத்தை அரை மணி நேரம் படி. புத்தகத்தை மூடி, கட்டிலுக்கடியில் தள்ளிவிடு. வெள்ளைத்தாளில், தெரிந்ததை எழுது. முதல் வாரம் கால் பக்கம்கூட வராது, அழுகை வரும். வரட்டும். எழுத வராத இடம்தான் உனக்குத் தெரியாத இடம்; அதை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடு. பாடப்புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய கணக்குகளையும் இப்படித்தான், விடையை மறைத்துக்கொண்டு நீயே போட வேண்டும். கைப்பேசியில் யாரோ கணக்குப் போடுவதை மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு ‘படித்தேன்’ என்று கணக்கெழுதாதே. அம்மா கட்டுவதைப் பார்த்தா நீ பூக்கட்டக் கற்றாய்? நார் அறுந்து, மொட்டு உதிர்ந்து, திட்டு வாங்கித்தானே விரலுக்கு வந்தது. தேர்வுக்கு முந்திய வாரம் ஜெராக்ஸ் கடையில் விற்கும் நோட்ஸ்களைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. பழைய வினாத்தாள்கள் நூலகத்தில் கிடைக்கும். அவற்றைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்.

பதினொரு மணி வரை விழிப்பதையும் விடு. விடியற்காலையில் பஸ் பிடிக்கிற பெண்ணுக்குத் தூக்கம் வேண்டும்.

தமிழ் வழியில் படித்ததைக் குறையாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆங்கில வழிப் பெண் ‘நியூக்ளியோபைல்’ என்ற சொல்லை மந்திரம் போல உருப்போட்டிருப்பாள். நீ படித்த சொல் ‘கருகவர் பொருள்’. அணுக்கருவைத் தேடிப் போகிறது, அதாவது நேர்மின் தன்மையுள்ள இடத்தை நாடுகிறது, தன்னிடம் கொடுக்க எலக்ட்ரான் வைத்திருக்கிறது என்று சொல்லிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. ஹைபிரிடைசேஷன் உனக்கு ‘இனக்கலப்பு’. ரெசோனன்ஸ் ‘உடனிசைவு’. லிமிட்டிங் ரீஏஜென்ட் ‘வினைக்கட்டுப்பாட்டுக் காரணி’. மேலே போட்ட கணக்கில் ஆக்சிஜன் செய்த வேலை அதுதான். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், அதற்காக வேதியியலையும் தமிழாக்கினார். தமிழில் வேதியியல் படித்தது நேற்று வந்த ஏற்பாடு இல்லை.

ஆனால் தேர்வு ஆங்கிலத்தில் வருகிறது, அதையும் மறைக்கக்கூடாது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கு. இடப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல், வலப்பக்கம் வகுப்பில் கேட்ட ஆங்கிலச் சொல். வினாத்தாளில் வரும் ஏவல் சொற்களையும் சேர்த்துக்கொள்: ‘கால்குலேட்’ என்றால் கணக்கிடு, ‘எக்ஸ்பிளெய்ன்’ என்றால் விளக்கு, ‘ஜஸ்டிஃபை’ என்றால் காரணம் காட்டு. விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் விட்டுவந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் செமஸ்டரில் இருநூறு, முந்நூறு சொற்கள் சேரும். அதற்குப் பிறகு புதிதாக வருவது கொஞ்சம்தான்.

ஆய்வகத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ரெக்கார்டு நோட்டு எழுதுகிற சடங்காக அதை நினைத்துவிட்டாயோ? மோல் கணக்கு புரிவதற்கு டைட்ரேஷனை விட, அதாவது ஒரு கரைசல் இன்னொன்றோடு எவ்வளவு சேர்ந்தால் வினை முடியும் என்று துளித்துளியாக விட்டு அளப்பதை விட, நல்ல இடம் கிடையாது.

என் கதையைச் சொல்கிறேன். நான் முதலாம் ஆண்டு படித்தபோது எல்லாக் கண்ணாடிக் கருவிகளையும் அதனதன் கரைசலால் அலச வேண்டும் என்று நினைத்து, கூம்புக் குடுவையையும் காரக் கரைசலால் அலசினேன். பியூரெட்டையும் பிப்பெட்டையும் அப்படித்தான் அலச வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் கரைசலை நீர்க்கச் செய்துவிடும். கூம்புக் குடுவையை வடிநீரால் மட்டும் அலச வேண்டும். அதற்குள் போகிற காரத்தை பிப்பெட் 20 மில்லி என்று துல்லியமாக அளந்து கொடுக்கிறது. ஏற்கெனவே ஒட்டியிருக்கும் கரைசல் கணக்கில் வராத மோல்களைச் சேர்த்துவிடும். தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் காரத்தின் மோல் எண்ணிக்கை மாறாது. இது தெரியாமல், ஒவ்வொரு முறையும் அளவீடு கூடுதலாக, அதுவும் வெவ்வேறாக வர, பக்கத்து மேசைக்காரியின் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டேன். ஆசிரியை என் நோட்டைப் பார்த்தார், அவள் நோட்டைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் தந்திருந்த கரைசல்களின் செறிவே வேறு. அன்று நின்ற நிற்பு இன்னும் மறக்கவில்லை. ஏன் குடுவையைத் தண்ணீரால் அலச வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பெர்மாங்கனேட் டைட்ரேஷன் வரும்போது கவனித்துப் பார். ஆக்சாலிக் அமிலத்தோடு நீர்த்த சல்ப்யூரிக் அமிலம் சேர்த்து 60 டிகிரிக்கு மேல் சூடாக்கச் சொல்வார்கள். அதில் விழும் முதல் சில பெர்மாங்கனேட் துளிகளின் நிறம் மறைய நேரமாகும். பிறகு திடீரென்று விழ விழ மறையும். வினையில் உண்டாகிற மாங்கனீஸ் அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாகிவிடுகிறது. இதை ‘சூடாக்கவும்’ என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்கிறவளுக்கும், கண்ணால் பார்த்து ஏன் என்று கேட்டவளுக்கும் தேர்வில் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, பெர்மாங்கனேட் கரைசலின் நிறம் அடர்த்தி என்பதால் பியூரெட்டில் அதன் மேற்பரப்பின் கீழ் வளைவு தெரியாது. மேல் விளிம்பை வைத்து அளவு பார்க்க வேண்டும்.

சந்தேகம் கேட்பது பற்றி. ‘எனக்குப் புரியவில்லை மேடம்’ என்று போய் நின்றால் எந்த ஆசிரியருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது, அவரும் பாடத்தை முதலிலிருந்து ஒப்பிப்பார், நீயும் தலையாட்டிவிட்டு வருவாய். நீ போட்டு நின்றுபோன தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போ. ‘இந்த வரி வரை வந்துவிட்டேன், அடுத்து எப்படி?’ என்று கேள். தமிழிலேயே கேள். ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறவர் வீட்டில் என்ன ஆங்கிலத்திலா சாம்பார் வைக்கிறார்? எரிந்து விழுகிற ஆசிரியர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். அப்படி வாய்த்தால் இரண்டாம் ஆண்டு அக்காக்களில் ஒருத்தியைப் பிடி.

பஸ்ஸில் புத்தகம் திறக்காதே, அந்தக் குலுக்கலில் தலைவலிதான் வரும். ஊரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு நேற்றுப் படித்ததை மனத்துக்குள் ஓட்டிப் பார். செக்கானூரணி வருவதற்குள் எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும். சிக்கியதை ஆரப்பாளையத்தில் இறங்கியதும் உள்ளங்கையில் எழுதிக்கொள். திரும்பி வரும்போது தூங்கு.

இந்த செமஸ்டரை இப்படிப் படித்து எழுது. ஒரு தாளில் அரியர் விழுந்தாலும் குடி முழுகாது, மறுபடி எழுதலாம். அதற்கப்புறமும் இந்தப் பாடம் உனக்குக் கசந்தால் மாறிக்கொள், நானே வந்து உன் அம்மாவிடம் பேசுகிறேன். அவரிடம் இன்னொன்றும் சொல். அவர் கூடையிலிருந்து வருகிற மல்லிகை மணத்தில் பென்சைல் அசிட்டேட் என்ற எஸ்டர் இருக்கிறது. எஸ்டர்களை நீ கரிம வேதியியலில் சீக்கிரமே சந்திக்கப் போகிறாய்.

இப்போது வேலை. இன்று ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூறு கிராம் மல்லிகையில் எத்தனை மொட்டு, ஒரு முழத்துக்கு எத்தனை மொட்டு என்று எண்ணி, ஒரு கிலோவுக்கு எத்தனை முழம் என்று அலகோடு எழுது. அதே தாளின் மறுபக்கத்தில் இது: 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கரைத்து 250 மில்லிலிட்டர் ஆக்குகிறாய். அதிலிருந்து 20 மில்லிலிட்டர் எடுத்தால், அதை நடுநிலையாக்க 0.5 மோலார் (ஒரு லிட்டரில் 0.5 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் எத்தனை மில்லிலிட்டர் வேண்டும்? அடித்தல் திருத்தலோடு அந்தத் தாளை அப்படியே எனக்கு அனுப்பு. அழகாக நகல் எடுத்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.