ஒரே எண்ணில் பல ஆணைகள்: போர்க்கால பிலிப்பைன்ஸில் எது செல்லும்?

கேள்வி: மதுரையில் முதுகலைச் சட்டம் படிக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பிலிப்பைன்ஸில் பிறப்பிக்கப்பட்ட நிர்வாக ஆணைகளைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். 'நிர்வாக ஆணை எண் 1' என்று தேடினால் வெவ்வேறு ஆட்கள் கையெழுத்திட்டவை வருகின்றன. ஜப்பானியர் காலத்து ஆணைகள் எதுவும் செல்லாது என்று அமெரிக்கத் தளபதி ஜெனரல் மெக்கார்தர் 1944இல் அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகளோ அவற்றில் பல செல்லும் என்கின்றன. எதைச் செல்லும் என்று எழுதுவது, எதைச் செல்லாது என்று எழுதுவது? 'சட்டப்படியான அரசு எது என்று முதலில் முடிவு செய், மற்றது தானாக வரும்' என்கிறார் என் வழிகாட்டி.

பதில்: வழிகாட்டி சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த வழியில் போனால் ஆய்வேடு முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்ளும். பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியைச் சீக்கிரமே தாண்டிப் போய்விட்டது. கையெழுத்து யாருடையது என்பதைவிட, ஆணை என்ன வேலை செய்தது என்பதைத்தான் அது அதிகம் பார்த்தது. நீங்களும் ஒவ்வொரு ஆணையாக எடுத்து அதையே கேளுங்கள்.

முதலில் எண் குழப்பம். போர் தொடங்கியபோது, அமெரிக்காவின் கீழ் தன்னாட்சி நடத்திய பிலிப்பைன்ஸ் காமன்வெல்த் அரசின் அதிபர் மானுவல் கேசோனின் ஆணை வரிசை நானூறை நெருங்கியிருந்தது. 1941 டிசம்பர் 24ஆம் தேதி, துறைகளை மாற்றியமைத்து அவர் பிறப்பித்த ஆணையின் எண் 396. அன்றுதான் அவர் மணிலாவை விட்டு கொரெகிதோர் தீவுக்குப் போனார். அவருடைய வலக்கையாக இருந்த ஹோர்ஹே வர்காஸ் மணிலாவைக் கவனித்துக்கொள்ளப் பின்தங்கினார். ஜனவரி 2இல் ஜப்பானியப் படை நகருக்குள் வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி ஜப்பானியத் தளபதியின் உத்தரவுப்படி ஒரு நிர்வாக ஆணையம் அமைந்தது, தலைவர் அதே வர்காஸ். புது அமைப்பு, புது எண் வரிசை. ஜனவரி 30இல் வர்காஸின் முதல் ஆணை வந்தது. 1943 அக்டோபர் 14இல் ஹோசே லாரலை அதிபராகக் கொண்டு ஜப்பான் ஆதரவுக் குடியரசு பிறந்தபோது மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

கேசோன் 1942 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் கொரெகிதோரிலிருந்து வெளியேறி, ஆஸ்திரேலியா வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1944 ஆகஸ்ட் 1இல் அங்கேயே இறந்தார். துணை அதிபராக இருந்த செர்ஹியோ ஓஸ்மெஞா பொறுப்பேற்றார். அந்த நாடு கடந்த அரசு வாஷிங்டனிலிருந்து பிறப்பித்த ஆணைகளில் எண்ணோடு டபிள்யூ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஓஸ்மெஞாவின் ஆகஸ்ட் 1944 ஆணை '15-டபிள்யூ' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கப் படையோடு அவர் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் இறங்கிய பிறகு வந்தவற்றில் வெறும் எண்தான்: 25, 32, 37, 49. ஆகவே உங்கள் அட்டவணையில் எண்ணை மட்டும் போடாதீர்கள். எண், தேதி, கையெழுத்திட்டவர், பிறப்பித்த ஊர் நான்கையும் சேர்த்துப் போடுங்கள். ஊர்ப் பெயரை யாரும் எழுதுவதில்லை, ஆனால் பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

தேதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அரசியலமைப்புப்படி கேசோனின் பதவிக்காலம் 1943 நவம்பர் 15இல் முடிய வேண்டும். நாட்டில் தேர்தல் நடத்த வழியில்லை. ஓஸ்மெஞாவின் சம்மதத்தோடு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு கூட்டுத் தீர்மானம் போட்டுத்தான் கேசோனைத் தொடரவைத்தது. அந்தத் தேதிக்குப் பிந்தைய கேசோன் ஆணைகள் அமெரிக்கத் தீர்மானத்தின் மேல் நிற்கின்றன, பிலிப்பைன்ஸ் அரசியலமைப்பின் மேல் மட்டும் அல்ல. 'சட்டப்படியான அரசு' என்ற பக்கத்திலும் தரை சமமாக இல்லை என்பதற்கு இதை வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டியிடம் காட்ட வேண்டிய முதல் இடம் இதுதான்.

சரி, மெக்கார்தர் அறிவிப்புக்கு வருவோம். 1944 அக்டோபர் 23இல் வந்த அந்த அறிவிப்பின் சாரம் இது: காமன்வெல்த் அரசைத் தவிர பிலிப்பைன்ஸில் இருந்த வேறு எந்த அரசின் சட்டங்களும் விதிகளும் நடவடிக்கைகளும் விடுவிக்கப்பட்ட பகுதிகளில் செல்லாது. படித்தால் எல்லாவற்றையும் துடைத்தெறிந்தது போலத்தான் இருக்கும். இதை வைத்துத்தான் மணிலா முதல்நிலை நீதிமன்றத்தில் நீதிபதி அர்செனியோ திசோன், லாரல் குடியரசுக் காலத்தில் தொடங்கிய ஒரு சிவில் வழக்கை மேலே நடத்த மறுத்தார். பழைய வழக்கைத் தொடர எனக்கு அதிகாரம் தரும் சட்டம் எங்கே என்பது அவர் கேள்வி. வழக்காடியவர் கோ கிம் சாம். வழக்கை நடத்தச் சொல்லி நீதிபதிக்கு உத்தரவிடுங்கள் என்று அவர் உச்ச நீதிமன்றம் போனார்.

1945 செப்டம்பர் 17இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதியரசர் பெரியா. வர்காஸ் ஆணையமும் லாரல் குடியரசும் நடைமுறையில் ஆண்ட அரசுகள், அவற்றின் கீழ் நடந்த அரசியல் சார்பற்ற நீதிமன்ற நடவடிக்கைகள் விடுதலைக்குப் பிறகும் செல்லும் என்றார். அறிவிப்பில் உள்ள 'நடவடிக்கைகள்' என்பதில் நீதிமன்ற நடவடிக்கை அடங்காது என்றும் சொன்னார். அடங்கும் என்று வைத்தால் மூன்று ஆண்டுகளில் தீர்ந்த வழக்கு அத்தனையும் மறுபடி திறக்க வேண்டிவரும். சர்வதேசச் சட்டத்துக்கு முரணாக மெக்கார்தர் அப்படி நினைத்திருப்பார் என்று கொள்ள முடியாது என்பது வாதம். நீதியரசர்கள் பெர்பெக்தோவும் ஹிலாதோவும் இதை ஏற்கவில்லை. பெர்பெக்தோவின் மாறுபட்ட தீர்ப்பு நீளமானது, சூடானது. அவசியம் படியுங்கள்.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஓஸ்மெஞா 1945 மார்ச் 10இல் பிறப்பித்த ஆணை எண் 37, மேல்முறையீட்டு நீதிமன்றத்தைக் கலைத்தது. அதற்கு முறைப்படி மேல்முறையீடாக வந்திருந்த வழக்குகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பும்படியும் சொன்னது. ஆக்கிரமிப்புக் கால நீதிமன்றங்களின் வேலை செல்லாது என்றால் அங்கிருந்து அனுப்ப என்ன இருக்கிறது? அந்த ஆணையே பழைய நடவடிக்கைகளை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது என்றது நீதிமன்றம். நாடு திரும்பிய அரசின் ஆணை, எதிரி அமைத்த அரசின் கீழ் நடந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. இரண்டு அரசுகளையும் இரண்டு தனித்தனி அத்தியாயமாகப் பிரித்து எழுதினால் இந்த முடிச்சு உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வர்காஸின் முதல் ஆணைகளில் பெரும்பாலும் புதிதாக ஒன்றும் இல்லை. எண் 1, 1942 பிப்ரவரி 5இல் வந்த எண் 4 ஆகியவை பழைய நீதிமன்றங்களை அதே அதிகார எல்லையோடு தொடரச் செய்தன. இருக்கிற சட்டங்கள், ஆணைகள், வழக்கங்களின்படியே நிர்வாகமும் நீதிமன்றமும் நடக்கட்டும் என்றுதான் பிப்ரவரி 20இல் ஜப்பானியத் தளபதியின் உத்தரவும் சொன்னது. கைப்பற்றிய நாட்டின் சட்டத்தைத் தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் மாற்றாதே என்கிறது, போர் நடத்தும் முறை பற்றிய சர்வதேச ஹேக் விதிகளின் 43ஆம் பிரிவு. இந்த மாதிரி 'பழையபடியே நடக்கட்டும்' ஆணைகளைத் தனிக் குவியலாக வையுங்கள். இவை பிழைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பிழைக்காதவை எப்படி இருக்கும்? பெரால்தா வழக்கைப் பாருங்கள். உணவு வினியோகத்தைக் கண்காணிக்கும் வேலையில் இருந்த மணிலா காவல்படைக்காரர் ஒருவர் கொள்ளைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார். தண்டித்தது லாரலின் அவசரச் சட்டம் எண் 7 உருவாக்கிய சிறப்பு நீதிமன்றம். விசாரணை சுருக்க முறையில் நடக்கும். கேட்ட கேள்விக்குக் குற்றவாளிக் கூண்டில் இருப்பவர் பதில் சொல்லாவிட்டால் அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். கொள்ளை எந்த ஆட்சியிலும் குற்றம்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தத் தண்டனை ஆக்கிரமிப்பு ராணுவத்தின் தேவைக்காகப் போடப்பட்டது, அதற்கு அரசியல் நிறம் இருக்கிறது என்றது உச்ச நீதிமன்றம். போட்ட நேரத்தில் செல்லும், காமன்வெல்த் திரும்பிய கணத்தில் செல்லாது. 1945 நவம்பரில் அவரை விடுவிக்க உத்தரவானது. உங்கள் அட்டவணையில் 'செல்லும்', 'செல்லாது' என்று இரண்டு கட்டம் போதாது. 'அன்று செல்லும், பிறகு செல்லாது' என்று மூன்றாவது கட்டமும் வேண்டும்.

இனி பணம். ஆய்வேட்டில் சத்து அதிகம் இருக்கும் இடம் இது, நிறைய இடம் கொடுங்கள். ஜப்பானியர் அச்சடித்து இறைத்த போர் நோட்டை மக்கள் மிக்கி மவுஸ் பணம் என்று கிண்டல் செய்தார்கள். தொடக்கத்தில் பழைய பெசோவுக்குச் சமமாகப் புழங்கியது. பின்னாளில் நீதிமன்றங்கள் பயன்படுத்திய பாலன்டைன் அட்டவணைப்படி 1945 ஜனவரியில் 120 போர் நோட்டு கொடுத்தால்தான் ஒரு பெசோ.

1945 ஜூன் 6இல் ஓஸ்மெஞாவின் ஆணை எண் 49 வந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் வங்கிகளில் போட்ட வைப்புத்தொகை செல்லாது என்று ஒரேயடியாகச் சொன்னது. அதை எதிர்த்து ஹிலாதோ என்பவர் போட்ட வழக்கில் 1949இல் உச்ச நீதிமன்றம் ஆணையின் பக்கமே நின்றது. ஆனால் ஹா பியா வழக்கில் கதை வேறு. ஹா பியா, சைனா பேங்கிங் கார்ப்பரேஷனில் ஐயாயிரத்துச் சொச்சம் பெசோ அடமானக் கடன் வாங்கியிருந்தார். எதிரிச் சொத்து என்று அந்த வங்கியைக் கலைத்து, கடன் வசூலை ஜப்பானிய ராணுவம் பேங்க் ஆஃப் தைவானிடம் ஒப்படைத்தது. 1942 முதல் 1944 வரை அங்கே போர் நோட்டாகக் கட்டி முடித்தார். கட்டியது கட்டியதுதான், கடன் தீர்ந்தது என்று 1948இல் தீர்ப்பானது. ஒரே நோட்டு: கடனை அடைத்தவருக்குப் பணம், சேமித்தவருக்குக் காகிதம். சட்டத்தில் இதற்குக் காரணம் சொல்ல முடியும். நியாயம் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரோஞோ வழக்கையும் விட்டுவிடாதீர்கள். 1944 அக்டோபர் 5இல், அதாவது அமெரிக்கப் படை லெய்ட்டேயில் இறங்க இரண்டு வாரம் இருக்கையில், ரோஞோ ஜிட்னி வண்டி வாங்கவேண்டும் என்று சொல்லி 4,000 பெசோ போர் நோட்டு கடன் வாங்கினார். ஒரு வருடம் கழித்து அப்போது புழங்கும் நாணயத்தில் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வருடத்தில் புழங்கியது நல்ல பெசோ. 4,000 முழுதாகக் கட்டு என்றது நீதிமன்றம். ஆக்கிரமிப்புக் காலத்துக்குள்ளேயே தவணை முடிந்த கடன்களுக்கு மட்டுமே பாலன்டைன் கணக்கு என்று பின்னாளில் விதி நிலைத்தது.

சட்டப்படியான அரசின் ஆணைகள் எல்லாம் கேள்வியின்றி நின்றன என்றும் எழுதிவிடாதீர்கள். கடன் வசூலை நிறுத்திவைத்த ஓஸ்மெஞாவின் ஆணைகள் 25, 32 ஆகியவற்றையும், அவற்றைத் தொடர்ந்து வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1953இல் ரட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. போர் முடிந்து எட்டு வருடமாகியும் கடன் கொடுத்தவரைக் காக்கவைப்பது நியாயமற்றது என்பது காரணம்.

தேசத்துரோக வழக்குகளை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ஆக்கிரமிப்பின்போதும் குடிமகனின் விசுவாசக் கடமை நிற்பதில்லை என்று லாரல்-மிசா வழக்கில் 1947இல் முடிவானது. அந்த வழக்கில் வரும் லாரல் அனஸ்தாசியோ லாரல், குடியரசுத் தலைவர் ஹோசே லாரல் இல்லை. பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

ஒப்பீட்டு அத்தியாயம் வேண்டும் என்று வழிகாட்டி கேட்டால் நார்வே, நெதர்லாந்து என்று ஐரோப்பாவுக்கு ஓட வேண்டாம், பர்மா போதும். பர்மாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டார்மன்-ஸ்மித் சிம்லாவில் உட்கார்ந்து நாடு கடந்த அரசை நடத்தினார். 1943 ஆகஸ்டிலிருந்து பர்மாவில் ஜப்பான் ஆதரவோடு பா மாவின் அரசு. இந்த இரண்டுக்கும் நடுவே செட்டியார்களின் அடமானப் பத்திரங்களும் வயல்களும் கிடந்தன. மலாயாவில் நம்மவர்கள் கையில் இருந்த ஜப்பானியப் போர் நோட்டான 'வாழைமர நோட்டு'ம் இதே கதியை அடைந்தது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு எழுதுபவருக்கு இதில் கிடைக்கும் ஆவணங்கள் மணிலாவிலிருந்து எழுதுபவருக்குக் கைக்கு எட்டாது.

ஆய்வேட்டை எங்கே நிறுத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 1945 ஆகஸ்டில் நிறுத்தாதீர்கள். கேசோன், ஓஸ்மெஞா இருவரும் பயன்படுத்திய அவசர அதிகாரம் 1941 டிசம்பர் 16இல் வந்த காமன்வெல்த் சட்டம் எண் 671லிருந்து வந்தது. போர் முடிந்த பிறகும் அதே சட்டத்தைக் காட்டி அடுத்து வந்த அதிபர்கள் வாடகை, ஏற்றுமதி, பட்ஜெட் வரை ஆணை போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1949 ஆகஸ்டில் அரனேதா வழக்கில்தான், 1946 மே 25இல் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றமான காங்கிரஸ் வழக்கமான கூட்டத்தொடருக்குக் கூடிய அன்றே அந்த அதிகாரம் காலாவதியாகிவிட்டது என்று தீர்ப்பானது. உங்கள் அட்டவணையின் கடைசி வரிசையில் அந்தத் தேதியைப் போட்டு, அதற்குப் பிறகு 671இன் பேரில் வந்த ஆணைகளைத் தனித் தாளில் எடுங்கள். வர்காஸ், லாரல் ஆணைகளிடம் கேட்ட அதே கேள்வியை அவற்றிடமும் கேட்டு எழுதுங்கள்.