அடைபட்ட நாட்களில் சிரிக்கலாமா?

கேள்வி: நோய்த்தொற்றுக்காக ஓர் அறையில் தனிமைப்படுத்தப்பட்டிருப்பவர் தம் நிலையைத் தாமே கேலி செய்துகொள்வது தனிமையைப் போக்குமா, அல்லது மறைக்க மட்டும் செய்யுமா?

பதில்: கேட்பதற்கு ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. நாமே தேடிக்கொண்ட ஏகாந்தத்தில் கதவின் தாழ்ப்பாள் நம் கையில் இருக்கிறது. கட்டாயத் தனிமையில் அது பிறர் கையில் இருப்பதால்தான் அதே அறை சிறையாகத் தோன்றுகிறது.

துருவப் பயணி ஷாக்கிள்டனின் கப்பல் அண்டார்க்டிகப் பனியில் நொறுங்கிய பின், 1916-இல் அண்டார்க்டிகாவை அடுத்த யானைத் தீவில் (Elephant Island) கவிழ்த்துப்போட்ட படகுகளின் அடியில் நான்கு மாதங்களுக்கும் மேலாகக் காத்துக்கிடந்த 22 பேர், பாஞ்சோ என்ற நரம்புக் கருவியின் இசைக்கு ஒருவரையொருவர் கிண்டல் செய்யும் பாடல்களைப் புனைந்து பாடினார்கள். கிண்டலுக்கு ஆளானவருக்கு, தம்மை யாரோ இன்னும் உற்றுக் கவனிக்கிறார்கள் என்ற தெம்பு அதில் கிடைத்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். (பாட்டு எவ்வளவு மோசமாக இருந்ததோ, அவ்வளவு நல்லது!)

1969-இல் நிலவிலிருந்து திரும்பித் தனிமைப்படுத்தலில் வைக்கப்பட்ட அப்போலோ 11 வீரர்களின் சுங்கப் படிவத்தில்கூட, நோய் பரப்பக்கூடிய நிலை ஏதும் உண்டா என்ற வினாவுக்கு 'இனிமேல்தான் தெரியவேண்டும்' என்ற பொருளில் பதில் எழுதப்பட்டிருந்தது.

ஆகவே வேடிக்கையாகத் தோன்றுவதைத் தொலைபேசியில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று அவர் அக்கறையோடு கேட்கும்போதெல்லாம் நகைச்சுவையே உங்கள் விடையாக வருமானால், அது மறைப்புதான். அப்போது உள்ளதை உள்ளபடி சொல்வதே நல்லது.