சூளைக் கண்ணாடியில் புடைப்பும் பள்ளமும்: கேள்வி பதில்

ஊதுகுழல் வேலையைப் பற்றிய பகுதியன்று இது. தட்டைக் கண்ணாடியை மின்சூளையில் கிடத்தி, இளகும்வரை சூடேற்றி, அடியில் வைத்த பொருளின் வடிவம் அதன்மேல் பதியச் செய்யும் முறையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் அளவில் உள்ளன.

கேள்வி: மூன்று மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடிக்கு அடியில் செராமிக் ஃபைபர் காகிதத்தை (சூளை வெப்பத்தைத் தாங்கும் இழைத்தாள்) அலைக்கோடுகளாக வெட்டி வைத்து 760 டிகிரி வரை சூடேற்றினேன். கோடுகள் மங்கலாக மட்டுமே விழுந்தன. என்ன தவறு செய்தேன்?

பதில்: பனிக்கட்டிக்கு இருப்பதுபோல் கண்ணாடிக்குத் திட்டமான உருகுநிலை கிடையாது. வெல்லப்பாகு ஒவ்வொரு பதமாக மாறுவதைப் போல, அது சூடு ஏற ஏறச் சிறிது சிறிதாக இளகுகிறது. கலைவேலைக்கென்றே தயாராகும் கண்ணாடி 760 டிகிரியில் ஓரளவு தளர்ந்து பள்ளங்களில் இறங்கத் தொடங்கிவிடும். ஜன்னல் கண்ணாடியோ அதைவிடக் கடினமானது என்பதால், அதே பதத்துக்கு வர இன்னும் முப்பது, நாற்பது டிகிரி கேட்கும். என் சூளையில் ஜன்னல் கண்ணாடியை 820 வரை ஏற்றி இருபது நிமிடம் நிறுத்துகிறேன். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெப்பமானி பொருத்தப்பட்ட இடத்தைப் பொறுத்துச் சூளைக்குச் சூளை வேறுபாடு இருக்கும். தவிர, குறைந்த வெப்பத்தில் நீண்ட நேரம் நிறுத்துவதும் கூடிய வெப்பத்தில் குறைந்த நேரம் நிறுத்துவதும் ஏறத்தாழ ஒரே பலனைத் தரக்கூடும்.

இரண்டாவது காரணம் கண்ணாடியின் கனம். மூன்று மில்லிமீட்டர் தகட்டில் பள்ளத்தை நிரப்பப் போதிய கண்ணாடி இல்லை. முழுவதும் இளகிய கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் சுமார் ஆறு மில்லிமீட்டர் கனத்துக்கு வரவே முயலும். அதைவிட மெல்லியதாக இருந்தால் ஓரங்கள் உள்ளே சுருங்கி, நடுப்பகுதி இன்னும் மெலியும். ஆகவே ஒரே ஆலைக் கண்ணாடியில் இரண்டு தகடுகளை அடுக்குங்கள், அல்லது ஆறு மில்லிமீட்டர் தகட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் பாருங்கள். மிகக் குறுகிய இடைவெளியில் கண்ணாடி உள்ளே இறங்காமல் மேலே பாலம்போல் நின்றுவிடும்.

கேள்வி: வடிவத்தின் நடுவில் பூரி உப்பியதுபோல் பெரிய குமிழ் எழும்பிவிட்டது. ஒரு முறையன்று, மூன்று முறை!

பதில்: மூன்று முறையும் காகிதத்தை மூடிய வட்டமாக வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணாடியின் ஓரம் முதலில் படிந்து அடைத்துக்கொள்ள, உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து, இளகிய கண்ணாடியைத் தள்ளுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் காற்று விளிம்புவரை செல்ல ஒரு வாய்க்கால் விட்டு வெட்டுங்கள். அதன்பின் 650 டிகிரியை ஒட்டி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சூளையை நிறுத்திவையுங்கள். கண்ணாடி மெல்லப் படிந்து, காற்றை வெளியே பிதுக்கிவிடும். ஜன்னல் கண்ணாடிக்கு இதையும் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஃபைபர் காகிதத்திலுள்ள பசை எரிந்து புகைவதும் சிக்கலைக் கூட்டுவதால், காகிதத்தை மட்டும் ஒருமுறை தனியே சுட்டுவிடுவது நல்லது. அப்போது அறையின் கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

கேள்வி: அச்சு வாங்காமல், கையால் வரைந்ததுபோன்ற தடத்தைப் பெற வழி உண்டா?

பதில்: உண்டு. எனக்கு மிகவும் பிடித்த முறையும் அதுவே. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூளை நீர் சேர்க்காமல் சூளையில் சுட்டு ஈரத்தைப் போக்கிய பின், சூளைப் பலகைமீது ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சலித்துப் பரப்பி, மேற்பரப்பை அட்டையால் மழித்துவிடுங்கள். விரலாலோ சீப்பாலோ கயிற்றாலோ அதில் தடம் பதித்துக் கண்ணாடியை மெதுவாக மேலே கிடத்திச் சுட்டால், தூளின் நுண்மணிகூடக் கண்ணாடியில் பதிவாகும். கடினமான அச்சில், ஆறும்போது சுருங்கும் கண்ணாடி மேட்டைக் கவ்விக்கொண்டு உடைவதுண்டு. தூள் விட்டுக்கொடுத்துவிடுவதால் அந்த அச்சம் இல்லை. ஒரு தடம் ஒரு முறைக்குத்தான் என்பதைக் குறையாக நான் கருதவில்லை. தூளைச் சலிக்கும்போதும், பழைய ஃபைபர் காகிதத்தை எடுக்கும்போதும் துணிமுகமூடி போதாது; நுண்துகள்களைத் தடுக்கும் சுவாசக்கவசம் வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: சுட்ட பின் ஒரு பக்கத்தில் பால்போன்ற படலம் தெரிகிறது. கழுவினாலும் போகவில்லை.

பதில்: ஜன்னல் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது, பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறை அது. வெள்ளீயத்தைத் தொட்ட பக்கத்தில் அதன் நுண்ணிய எச்சம் இருக்கும். மீண்டும் சூடாகும்போது அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, நுண்சுருக்கங்களாக மங்கித் தெரியலாம். இருட்டில் குறுஅலை புற ஊதா விளக்கைச் சாய்த்துக் காட்டினால் அந்தப் பக்கம் வெண்மையாக ஒளிரும். விளக்கைக் கண்ணால் நேரே பார்க்கக் கூடாது. சுடுமுன்பே அந்தப் பக்கத்தைக் குறித்துவைத்து, இரண்டு விதமாகவும் சிறு துண்டுகளைச் சுட்டுப் பாருங்கள். படலம் இரு பக்கமும் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு: கண்ணாடி படிகமாகத் தொடங்கியிருக்கிறது, அழுக்கும், கூடிய சூட்டில் நெடுநேரம் நிறுத்தியதும் காரணமாகலாம்.

கேள்வி: ஃப்ரிட் எனப்படும் நொறுக்கிய கண்ணாடி மணிகளைத் தூவி மேல்பக்கத்தில் சொரசொரப்புப் பெறலாமா?

பதில்: தாராளமாக. கலைக்கண்ணாடியில் 740 டிகிரியை ஒட்டி நிறுத்தினால் மணிகள் ஒட்டிக்கொண்டு புடைத்தே நிற்கும்; 800ஐத் தாண்டினால் சமதளமாகிவிடும்.

கேள்வி: நன்றாக வந்த தட்டு, அலமாரியில் வைத்த இரண்டாம் நாள் தானாகவே உடைந்தது. ஏன்?

பதில்: உடைந்த கோட்டைப் பாருங்கள். இரண்டு கண்ணாடிகள் சேரும் எல்லையை ஒட்டியே கோடு ஓடினால், விரிவடையும் அளவு பொருந்தாத கண்ணாடிகளை இணைத்திருக்கிறீர்கள். விரிவு எண் 90 என்று குறிக்கப்பட்ட கலைக்கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும் ஒன்றோடொன்று பொருந்தா. எல்லையைச் சட்டை செய்யாமல் வளைந்து ஓடினால், ஆறவைத்ததில்தான் குறை. கனமும் மெலிவும் கலந்த பரப்பு ஒரே சீராக ஆறாது என்பதால், மிகக் கனமான இடத்தின் இரு மடங்கு கனத்துக்குரிய கணக்கில் ஆறவைக்க வேண்டும். புல்ஸ்ஐ நிறுவனத்தின் ஆறு மில்லிமீட்டர் கலைக்கண்ணாடியில் புடைப்பு வேலை என்றால், பன்னிரண்டு மில்லிமீட்டருக்குரிய கணக்குப்படி 482 டிகிரியில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, 427 வரை மணிக்கு 55 டிகிரி வீதமும், 371 வரை மணிக்கு 99 டிகிரி வீதமும் இறக்குங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு நிறுத்தும் வெப்பநிலை சுமார் 550. அடுத்த தட்டை, ஒளியை முனைவாக்கும் இரண்டு தாள்களைக் குறுக்காகப் பிடித்து, அவற்றின் நடுவில் வைத்துப் பாருங்கள். இறுக்கம் உள்ள இடங்கள் வெளிச்சமாகத் தெரியும்.