எண்களைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 720720-க்கு 240 வகுத்திகளாம். எல்லாவற்றையும் எழுதிப் பார்க்காமல் இதை எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்துவிட்டால் போதும். 2-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள்: 360360, 180180, 90090, 45045. இனி 2 போகாது. 3-ஆல் வகுத்தால் 15015, பிறகு 5005. 5-ஆல் வகுத்தால் 1001. அது 7 × 11 × 13. ஆக, 720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13.

ஒரு வகுத்தியை உண்டாக்க 2-ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு முறை வரை எடுக்கலாம். அதற்கு ஐந்து வழிகள். 3-க்கு மூன்று. மற்ற நான்கு பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. அடுக்குகளை அப்படியே பெருக்கி 8 என்று விடை எழுதுபவர்கள், 'எடுக்காமல் விடுவதும்' ஒரு வழி என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்காகத்தான் ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டுகிறோம்.

பட்டியலே வேண்டுமென்றால் 848 வரை தேடுங்கள். வர்க்கமூலம் 849-க்குச் சற்றே குறைவு. கிடைக்கும் ஒவ்வொரு வகுத்திக்கும் ஒரு ஜோடி உண்டு. கடைசி ஜோடி 840 × 858.

இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை; 554400-க்குக்கூட 216தான். இப்படிப்பட்ட எண்களை ராமானுஜன் 1915-இல் விரிவாக ஆராய்ந்தார். அடுக்குகளைப் பாருங்கள்: 4, 2, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருந்தால், இரண்டையும் இடம் மாற்றி, அதே அளவு வகுத்திகளோடு இன்னும் சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம். எவ்வளவு அழகான காரணம்!

கேள்வி: 4294967297-ஐ 500-க்குள் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். மீதி வருகிறது. பகா எண் என்று முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. வர்க்கமூலம் 65536-ஐத் தாண்டுகிறது. அதுவரை பார்த்தாக வேண்டும். ஆனால் இந்த எண் 2³² + 1. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அந்த வகையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் மீதியின்றிப் போகிறது: 641 × 6700417. கணித அறிஞர் ஆய்லர் 1732-இல் கண்டது இது. 64-க்குப் பதில் 128 என்றே வைக்கலாம் என்று பின்னாளில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா காட்டினார். அப்படிப் பார்த்தால் 257, 641 என இரண்டே முயற்சி.

6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2589-க்குள். அதே 128 கணக்கில் 257 ஏற்கெனவே கழிந்துவிட்டதால் 641, 769, 1153, 1409 ஆகியவற்றால் மட்டும் வகுத்தால் போதும். நான்கிலும் மீதி வருகிறது, பகா எண்ணேதான்.

கேள்வி: இருபது இலக்க எண் 7, 11, 13-ஆல் வகுபடுமா என்று கையாலேயே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள். வரும் விடை இம்மூன்றில் எதனால் வகுபடுகிறதோ, அதனால் மூல எண்ணும் வகுபடும். 1001 இம்மூன்றின் பெருக்கம் என்பதே காரணம். லட்சம், கோடி என்று காற்புள்ளி இட்ட இடங்களில் பிரித்தால் விடை தப்பிவிடும்.