ஆடித் தீர்த்தவர்

வணக்கம் சார். பில்லியர்ட்ஸ் வீரர் வால்டர் லிண்ட்ரம் 'நன்றாக ஆடியே ஆட்டத்தைக் கெடுத்தார்' என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கிண்டலா, நிஜமாகவேவா? நன்றாக ஆடினால் கூட்டம் கூடத்தானே செய்யும்?
எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

பாதி கிண்டல்தான். மீதியைச் சொல்கிறேன்.

லிண்ட்ரம் 1898இல் ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி என்ற தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவர். சிறுவயதில் வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. அப்பா இடது கையில் க்யூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, கொடுத்துப் பழக்கினார். பயிற்சி என்றால் நாள் முழுக்க.

ஆங்கில பில்லியர்ட்ஸில் மூன்றே பந்துகள். நம் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் 'கேனன்', 2 புள்ளி. லிண்ட்ரம் மூன்றையும் குஷன் (மேசையின் ரப்பர் விளிம்பு) ஓரமாக அணைத்து வைத்துக்கொள்வார். ஒரு தொடல், 2 புள்ளி. பந்துகள் இம்மியளவு நகரும். மறுபடி தொடல். கைக்குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது மாதிரி மேசை விளிம்பைச் சுற்றிக்கொண்டே போவார். முன்வரிசையில் இருப்பவருக்கே பந்து நகர்ந்ததா என்று சந்தேகம் வரும். பின்வரிசைக்காரருக்கு அவர் முதுகுதான் தெரியும்!

1932 ஜனவரி, லண்டன் தர்ஸ்டன்ஸ் அரங்கம். ஒரே வாய்ப்பில், தவறவிடாமல் தொடர்ந்து 4,137 புள்ளிகள். ஆடிய நேரம் 2 மணி 55 நிமிடம். எதிராளி ஜோ டேவிஸ் சாதாரண ஆளில்லை, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. அந்தச் சாதனை இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்புறம், இப்படி ஓரமாகவே தொட்டுக்கொண்டு போக முடியாதபடி விதியையே மாற்றினார்கள். இத்தனை புள்ளிக்கு ஒருமுறை பந்து மேசையின் குறுக்குக் கோட்டைத் தாண்டியாக வேண்டும் என்றார்கள். சரி என்று அதற்கும் பழகிக்கொண்டு, 1933இல் டேவிஸை வென்று உலக சாம்பியன் ஆனார். 1950இல் ஓய்வு பெறும்வரை பட்டம் அவரிடமே இருந்தது.

கூட்டம் மட்டும் ஸ்னூக்கர் பக்கம் போனது. நம் ஊட்டி கிளப்பில் 1880களில் விதி எழுதி மாட்டிய அதே ஸ்னூக்கர்தான். கலர் கலராகப் பந்து, இருவருக்கும் மாறி மாறி வாய்ப்பு. அதற்காக லிண்ட்ரம் மேல் பழிபோட எனக்கு மனமில்லை. மூன்று மணி நேரம் ஒருவர் தவறே செய்யாததை உட்கார்ந்து பார்க்க நமக்குத்தான் பொறுமை இல்லை. எனக்கும் இருந்திருக்காது.

போர்க்காலத்தில் நிதி திரட்ட ஆயிரக்கணக்கான காட்சி ஆட்டங்கள் ஆடியவர். 1960இல் இறந்தார். மெல்போர்னில் இருக்கும் அவர் கல்லறையே ஒரு பில்லியர்ட்ஸ் மேசைதான். மேலே க்யூவும் பந்துகளும் கிடக்கின்றன.