இலங்கை இராணுவத்தின் ஆனையிறவு முகாம் அவ்வளவு பலமாக இருந்தும் 2000இல் ஏன் விடுதலைப் புலிகளிடம் விழுந்தது?

சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தெற்கே வன்னியையும் இணைக்கும் ஒடுங்கிய தரைத்துண்டு ஆனையிறவு. சுற்றிவரக் கடல்நீரேரி, உப்பளம், வெட்டவெளி. நேரே வந்து தாக்குபவருக்கு மறைய ஒரு வடலிகூடக் கிடையாது. 1991 யூலை முற்றுகையில் புலிகள் பட்டது இதைத்தான். உதவிக்கு வந்த இராணுவம் கிழக்குக் கரையில் வெற்றிலைக்கேணியில் தரையிறங்கி முகாமை எட்ட ஏறக்குறைய 3 வாரம் எடுத்தது; ஆனாலும் முகாம் தப்பியது.

2000இல் குறி முகாமல்ல, அதற்குப் போகும் வழங்கல் பாதை. மார்ச் 26இல் குடாரப்பில் கடல்வழியாகத் தரையிறங்கிய புலிகள் இத்தாவிலில், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியை மறித்தார்கள். முகாமுக்குப் பின்பக்கம் அது.

இனித் தண்ணீர்க் கணக்கு. ஆனையிறவில் தோண்டினால் உவர்நீர்தான். நன்னீர் வடக்கே இயக்கச்சிப் பக்கமிருந்து வரவேண்டும். சித்திரை வெயிலில் ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு 5 லீற்றர் என்று வைத்தால், 10,000 பேருக்கு 50,000 லீற்றர். அதாவது 5,000 லீற்றர் பவுசர் (தண்ணீர் லொறி) 10 நடை. சமையலும் காயக்காரரும் வேறு. ஷெல்லை மாதக்கணக்கில் அடுக்கி வைக்கலாம். தண்ணீர்த் தாங்கியோ ஒரு சிதறல் பட்டாலே ஒழுகிவிடும். பவுசரும் எறிகணை வீச்சுக்குள் பகலில் ஓடாது.

இயக்கச்சி கைவிட்டுப் போனதும் ஏப்ரல் 22இல் ஆனையிறவும் போனது. படையினர் கிளாலிப் பக்கமாகப் பின்வாங்கினர்.

2009 ஜனவரியில் இராணுவம் அதை மீளப் பிடித்ததும் தெற்கே பரந்தனும் கிளிநொச்சியும் விழுந்த பிறகுதான்.